குரல் தேயாத கம்பி

கதிர்,

உன் கேள்வி ஒரே வரியில் வந்தது: "அம்மா, கோஆக்ஸே போதுமா, லேடர் லைன் இழுக்கணுமா?" ஒரே சொல்லில் பதில் அனுப்பியிருக்கலாம். ஃபோனை எடுத்து அந்தச் சொல்லைத் தட்டவும் செய்தேன். பிறகு அழித்துவிட்டு மாடிக்கு ஏறி, நம் கம்பி இருக்கிறபடியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கி வந்தேன். உட்கார்ந்தேன். குக்கர் விசிலுக்கு எழுந்தேன், அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன். நீ போனதிலிருந்து எனக்கு இப்படித்தான் இருக்கிறது. நூலகத்திலிருந்து எடுத்து வந்த இரண்டு புத்தகங்களும் பாதியில் கவிழ்ந்து கிடக்கின்றன. மழை இன்றைக்கோ நாளைக்கோ என்று வானம் உப்பி நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. நானும் அப்படித்தான் நிற்கிறேன். அதனால் இதைப் பொறுமையாகப் படி. நீ கேட்டது கம்பியைப் பற்றி. நான் சொல்லப்போவதும் கம்பியைப் பற்றித்தான், ஆனால் அது எங்கே போய் முடியும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும், உனக்குத் தெரியாது.

முதலில் என் மனத்தில் அடைத்துக்கொண்டிருப்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஃபோனில், பொங்கலுக்கு வரமாட்டேன் என்றாய். "அப்பாவே கூப்பிட்டுப் பேசட்டும், அப்புறம் வரேன். மூணு மாசமா சாப்பிட்டியாங்கறதைத் தவிர ஒரு வார்த்தை பேசலை. கோபம்னா கோபமாவே இருக்கட்டும்" என்றாய். அப்போது எனக்கும் நீ சொன்னதுதான் சரி என்று தோன்றியது. டிப்ளமோ முடித்த கையோடு இங்கேயே, அவர் வேலைபார்க்கும் அனல் மின் நிலையத்தில் அப்ரன்டிஸாகச் சேர்ந்து, காத்திருந்து பெர்மனென்ட் ஆகவேண்டும் என்பது அவர் கணக்கு. கான்ட்ராக்டில் அவர் காத்திருந்த வருஷங்களை அருகிலிருந்து பார்த்து வளர்ந்த நீ, அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று ஒடிசாவுக்கு வேலைக்குப் போனாய். நீ பஸ் ஏறிய அன்று அவர் வரவில்லை, செகண்ட் ஷிஃப்ட் என்றார். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஆள் இருந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கோபம் உண்மையாக இருந்தது. ஆனால் அது இப்போது இல்லை. அது எப்படி எனக்குத் தெரிந்தது என்று சொல்ல, கம்பி வழியாகத்தான் வரவேண்டும்.

ஆன்டெனாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மேலே கட்டியிருக்கும் கம்பியைப் பற்றியே பேசுவார்கள். எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம், எந்தத் திசை. ரேடியோவிலிருந்து அந்தக் கம்பிவரை சக்தியைக் கொண்டுபோகும் லைனை யாரும் நினைப்பதில்லை. வேலைக்காரியைப் போல அது பின்வாசல் வழியாக வந்துபோகிறது. நம் வீட்டில் டிவி கேபிள், ஏணிக் கம்பி, உறை போட்ட கோஆக்ஸ் என்று மூன்று விதமும் இருந்திருக்கிறது, உனக்கு நினைவிருக்கும். புயலுக்குப் பிறகு ஃபோனெல்லாம் செத்துக் கிடந்த வாரத்தில் ஹாம் ரேடியோக்காரர்கள் ஊர் ஊராகச் செய்தி கடத்தியதைப் பார்த்துத்தான் நான் தேர்வு எழுதினேன். உரிமம் வந்ததும் முதலில் கட்டியது டிவி கேபிள். ரேடியோவில் ஐம்பது ஓம் என்று போட்டிருக்கிறது, கேபிளில் எழுபத்தைந்து ஓம் என்று போட்டிருக்கிறது, ஆகவே ஆகாது என்று எத்தனை பேர் பயமுறுத்தினார்கள்! இருபது மீட்டர் நீளக் கம்பியை நடுவில் வெட்டி, டைபோலாக நல்ல உயரத்தில் கட்டினால் அது கேட்பது கிட்டத்தட்ட அந்த எழுபத்தைந்தைத்தான். கேபிள் பாட்டுக்கு வேலை செய்தது. பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துப் பயப்படாதே, கம்பி என்ன கேட்கிறது என்று பார். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது அது.

அப்புறம் எனக்கு ஆசை கூடியது. ஒரே கம்பியில் எல்லா அலைவரிசையிலும் பேசவேண்டும். அதற்கு நீ கேட்ட லேடர் லைன், ஏணிக் கம்பிதான் என்று படித்தேன். இரண்டு வெறுங்கம்பிகள், நடுவில் சாண் சாணுக்கு ஒரு குச்சி, ஏணி மாதிரி. மாடியிலிருந்து நம் ஜன்னல்வரை அழகாக இறக்கினோம், சுவரைத் தொடாமல், இரும்பைத் தொடாமல். மூன்றாம் நாள் மைக்கை எடுத்தால், ரேடியோவையும் லைனையும் ஒத்துப்போகச் செய்யும் ட்யூனர் எந்தப் பக்கம் திருப்பினாலும் படியவில்லை. வெளியே எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டுப் பார்வதி அக்காவின் ஈரச் சேலை, இரண்டு கம்பிக்கும் குறுக்கே, அம்மன் கோயில் தோரணம் போல.

"அக்கா, அது கொடி இல்லக்கா!"

"கொடி இல்லாம பின்ன என்னளா? ரெட்டையா கட்டியிருக்க, குச்சி வேற வச்சிருக்க, நழுவாதுன்னு நெனைச்சேன். திருநவேலில கூட இப்படி ஒரு கொடி பார்த்ததில்ல பாத்துக்க."

"ரேடியோ லைன் அது. நான் பேசும்போது தொட்டா சுட்டுடும்."

"நீ பேசுனாலே சுடத்தானளா செய்யுது" என்றார் அவர், சேலையை உருவிக்கொண்டே. "சரி, நீ பேசாத நேரமா பாத்துக் காயப்போடுதேன்."

அப்படியே செய்தார். சட்னி அரைக்கும் நேரம் நான் பேசமாட்டேன் என்று கண்டுபிடித்து, அந்த நேரத்துக்குக் காயப்போட்டார். பிறகு சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள் ஏணியைச் சுவரோடு சாய்த்து, கம்பிக்கும் சேர்த்து அடித்துவிட்டுப் போனார்கள். பத்து வீடு இருக்கும் பிளாக்கில் வெறுங்கம்பிக்கு இடமில்லை என்று புரிந்தது. அதன்மேல் மின் நிலையத்துச் சாம்பல் வேறு. பனி இறங்கும் காலையில் குச்சிகளில் படிந்த சாம்பல் ஈரமாகி, நேற்றுப் படிந்த ட்யூனர் இன்று படியாது. அதை அவிழ்த்துவிட்டு, ஒரே அலைவரிசை போதும், நாற்பது மீட்டர் மட்டும் போதும் என்று கோஆக்ஸுக்குத் திரும்பினேன். ஏணிக் கம்பி கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. நம் பிளாக் அதற்குத் தோதில்லை, அவ்வளவுதான்.

இதற்கடுத்து நடந்ததுதான் நீ இன்றைக்கு நினைத்துப் பார்க்கவேண்டியது. கோஆக்ஸ் போட்ட வருஷம் மழை கொட்டியது. மழை விட்டபிறகு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கம்பியில் முட்டித் திரும்பி வரும் அலை குறைகிறது, நிறைய வெளியே போகிறது என்று அர்த்தம். நான் எதையும் தொடவில்லை, தானாகவே நன்றாகிறது! நாம் இரண்டு பேரும் எவ்வளவு குதித்தோம். நீ அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் காலையில் அரைமணி நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, மீட்டர் சூப்பரா இருக்கு. ஆனா நம்மள யாருமே கேக்கலையே" என்றாய். மேலே ஏறி இணைப்பைப் பிரித்தோம். வீட்டு ஒயரிங்குக்குச் சுற்றும் கறுப்பு டேப்பைத்தான் அங்கே சுற்றியிருந்தோம், வெயிலில் அது வெடித்துப்போயிருந்தது. கேபிளை ஓர் அடி வெட்டினோம், தண்ணீர் சொட்டியது. உள்ளே பின்னல் கம்பி கறுத்துக் கிடந்தது. இன்னும் ஓர் அடி, இன்னும் ஓர் அடி, முழுக்க அப்படியே. நாம் அனுப்பியதையெல்லாம் அந்தக் கேபிள் வழியிலேயே தின்றுகொண்டிருந்தது. திரும்பி வர வேண்டிய அலையையும் தின்றது. எதுவும் திரும்பி வராததால் முள் இறங்கியது. நாம் அதை நல்லது என்று எடுத்துக்கொண்டோம்.

இப்போது உன் ஹாஸ்டல் மாடிக்கு வா. உன் ஹாம் உரிமத்தை அந்த முகவரிக்கு மாற்றி வாங்கியதும் நீ அனுப்பிய படத்தைப் பலமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். இடம் சின்னது, அதனால் பத்து மீட்டர் கம்பிதான் கட்டியிருக்கிறாய். அது வேறொரு அலைவரிசைக்குப் பொருந்தும் நீளம், நம் நாற்பது மீட்டர் அலைவரிசைக்கு வேண்டிய இருபது மீட்டரில் பாதிதான். அதன் நடுவிலிருந்து மெல்லிய கோஆக்ஸ் மூன்று மாடி இறங்கி உன் அறைக்கு வருகிறது. அறையில் ட்யூனர். ட்யூனரைத் திருப்பினால் முள் அடியில் படுத்துவிடுகிறது, "பெர்ஃபெக்ட்மா" என்கிறாய். கதிர், ட்யூனர் உன் ரேடியோவைத்தான் சமாதானம் செய்கிறது. அதைத் தாண்டி, மேலே, கம்பியும் கேபிளும் ஒத்துப்போகவே இல்லை. போன அலை கம்பியில் முட்டித் திரும்புகிறது, ட்யூனர் மறுபடி மேலே தள்ளுகிறது, மறுபடி திரும்புகிறது. ஒவ்வொரு நடைக்கும் அந்த மெல்லிய கேபிள் கொஞ்சத்தைச் சூடாக்கித் தின்கிறது. நீ பேசுவதில் பெரும்பங்கு உன் ஹாஸ்டல் சுவரோரமே தீர்ந்துவிடுகிறது. ஏணிக் கம்பியிலும் அதே அலைச்சல்தான், ஆனால் அது ஒரு நடைக்குத் தின்பது மிகக் கொஞ்சம். நாலு முறை போய்வந்தாலும் கடைசியில் எல்லாம் மேலேறி வெளியே போய்விடும்.

"அங்கே நீ கேட்கும் பக்கத்தில் ஏதாவது சரிசெய்யக்கூடாதா" என்று நீ கேட்பாய். அதையும் யோசித்தேன். கேட்கும் பக்கத்தில் லைன் கொஞ்சம் தின்றால் உன் குரலும் குறையும், கூடவே வானத்து இரைச்சலும் அதே அளவு குறையும். சத்தத்தைக் கூட்டிவைத்தால் இரண்டும் பழையபடி. நஷ்டமில்லை. பேசும் பக்கத்தில் தின்றால் உன் குரல் மட்டும் குறையும், இரைச்சல் அப்படியே இருக்கும். அதை இந்தப் பக்கமிருந்து யாராலும் மீட்க முடியாது. நான் எவ்வளவு நல்ல ரேடியோ வைத்திருந்தாலும், எவ்வளவு ஆசையாகக் காதைக் கொடுத்தாலும்.

எனக்குப் பரவாயில்லை. இரைச்சலுக்குள்ளிருந்து உன் குரலைப் பொறுக்கியெடுக்க என் காதுக்குத் தெரியும். கேட்க முடியாத ஒருவர் என் பக்கத்தில் நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் பேசும்போது உன் அப்பா வீட்டில் இருப்பார் என்று நான் உன்னிடம் சொன்னதில்லை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்ததும் டீ டம்ளரோடு ரேடியோ மேஜைக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார். தற்செயலாக நிற்பது போல. உரிமம் இல்லாதவர் மைக்கில் பேசக்கூடாது, கேட்கத் தடையில்லை. நீ பேசி முடிக்கும்வரை டம்ளர் காலியாகாது. கோபக்காரர் எதற்கு இப்படி வந்து நிற்கிறார் என்று முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. போன ஞாயிறு உனக்கு முன்னால் சேலத்துக்காரர் ஒருவர் தன் தக்காளிச் செடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், நினைவிருக்கிறதா? அறையே அதிரும் குரல்.

"இந்தாளு என்னாத்தப் போட்டுப் பேசறான்? எதிர்ல ஒக்காந்துகினு பேசற மாதிரி இருக்குது" என்று உன் அப்பா சிரித்தார். செடியில் பூச்சி விழுந்த கதையை முழுக்கக் கேட்டு, "வேப்பெண்ணெ அடிக்கச் சொல்லு" என்று எனக்கு உத்தரவு வேறு.

அப்புறம் நீ வந்தாய். கிரேன் ஆபரேட்டர் உன்னை ஹிந்தியில் திட்டிய கதையைச் சொன்னாய். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். ஆனால் ஒரு நொடி தாமதித்துச் சிரித்தார். திரும்பிப் பார்த்தேன். அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. ரேடியோவுக்குப் பக்கத்தில் தொங்கும் கண்ணாடியில் தெரியும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தால் சிரிக்கவேண்டும், நான் நெற்றியைச் சுருக்கினால் சுருக்கவேண்டும். நான் முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொண்டேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, டம்ளரை எடுத்துக் குடித்தார். டம்ளர் காலி.

நீ போனபிறகு ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டேன். "ஏங்க, கதிர் என்ன சொன்னான்?"

"நல்லாதான் பேசறான். கொஞ்சம் தேயுது. வாயத் தொறந்து பேசச் சொல்லு."

"என்ன சொன்னான்னு கேட்டேன்."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னார். "ரெண்டு வருசமா மேல் சத்தமே வரமாட்டேங்குது. கரி பெல்ட் பக்கத்துலயே நின்னு நின்னு இப்படி ஆயிடுச்சு. பெருசா பேசுனா தெரியும், வாயப் பாத்தாத் தெரியும். யாராண்டயும் சொல்லாத. செவுடுன்னு தெரிஞ்சா லைட் டூட்டில ஒக்கார வெச்சிடுவானுங்க."

"அப்ப ஃபோன்ல..."

"அவன் ஒண்ணு கேப்பான், நான் ஒண்ணு சொல்வேன். அப்பன் கெழமாயிட்டான்னு நெனச்சிக்குவான். அதான் சாப்பிட்டியான்னு கேட்டுட்டு உங்கையில குடுத்துடறேன்."

சாப்பிட்டியா என்று கேட்டால் பதில் காதில் விழவேண்டியதில்லை, கதிர். சாப்பிட்டேன் என்றுதான் சொல்வாய். அவர் தைரியமாகக் கேட்கக்கூடிய ஒரே கேள்வி அதுதான். ஃபோனில் பதில் சொல்லியாகவேண்டும். ரேடியோ முன்னால் நின்றால் யாரும் அவரிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை. அதனால்தான் வந்து நிற்கிறார். உன்னைக் கேட்பதற்காக, கேட்காமல், மூன்று மாதமாக.

அவர் சொல்லாதே என்றதை நான் சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் யாருடைய அந்தரங்கத்தையும் நான் வெளியே எடுத்துப்போனதில்லை. என்னுடையதையும் கூடத்தான். இந்த ஒருமுறை வாக்கை மீறுகிறேன். நீ கோபம் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவாய், உனக்குத் தெரியக்கூடாது என்று அவர் இங்கே வாய்திறக்காமல் இருந்துவிடுவார். மீட்டரைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு இனி முடியாது. டாக்டரிடம் அழைத்துப்போவது என் பொறுப்பு, அந்தச் சண்டையை நான் போட்டுக்கொள்கிறேன். நீ உன் பக்கத்து லைனை மாற்று.

மேல் சத்தம், அதாவது ச, ஸ மாதிரிக் கூர்மையான ஒலிகள், விழாத காதுக்குச் சன்னமாக வரும் குரல் வெறும் முனகல்தான். மற்ற ஹாம்களுக்கு "கொஞ்சம் வீக், ஆனா காப்பி பண்ணலாம்", அதாவது சன்னமானாலும் புரிகிறது, என்பதெல்லாம் அவருக்கு ஒன்றுமேயில்லை. ஆகவே ஏணிக் கம்பி. உன் மாடிக்கு யாரும் துணி காயப்போட வருவதில்லை என்றாய், அது போதும். இரண்டு கம்பியை உள்ளே வைத்துக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் பட்டை வேண்டாம், உன் ஊர் மழையில் அது நனைந்தால் குணம் மாறும். இரண்டு வெறுங்கம்பியும் குச்சியும்தான் நல்லது. டைபோலின் நடுவிலிருந்து நேராகக் கீழே இறக்கு, கம்பிக்கு அடியிலேயே சாய்த்துக்கொண்டு வராதே. தண்ணீர் டேங்க், இரும்புக் கைப்பிடி எதிலிருந்தும் ஒரு முழமாவது தள்ளியிருக்கட்டும். மிச்சமிருந்தால் சுருட்டி வைக்காதே, தளர்வாகத் தொங்கவிடு. ட்யூனரில் இரட்டைக் கம்பிக்கு இருக்கும் திருகுகளில் மாட்டு. அதற்கும் ரேடியோவுக்கும் நடுவில் ஒரு முழம் கோஆக்ஸ், அதற்குமேல் வேண்டாம். ட்யூனர் படிய மறுத்தால் லைனில் இரண்டு மூன்று மீட்டர் கூட்டிப் பார், படிந்துவிடும். பேசும்போது அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொள். இடி கேட்டால் கழற்றி வெளியே போட்டுவிடு, வீரம் வேண்டாம்.

குச்சிகள் இந்தப் பார்சலில் இருக்கின்றன. நேற்று மத்தியானம் நான் பிவிசி குழாயை அறுக்க உட்கார்ந்தபோது உன் அப்பா வந்து ஹாக்ஸா பிளேடைப் பிடுங்கிக்கொண்டார். "இப்படி அறுத்தா ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசாதான் வரும், தள்ளு" என்றார். எதற்கு என்று கேட்டார். கதிர் மாடிக்கு என்றேன்.

"இதக் கட்டுனா அந்த சேலத்துக்காரன் மாதிரி வருமா?"

"அவர் அளவுக்கு வராது. இப்ப வர்றதவிட நல்லா வரும்."

அவர் அறுத்தார், ஒவ்வொன்றிலும் இரண்டு துளை போட்டார், ஓரத்தைத் தீட்டினார். போதும் என்றேன். "ஒண்ணு ரெண்டு ஒடையும், இருக்கட்டும்" என்று இன்னும் அறுத்தார். குழாய் தீர்ந்தபிறகுதான் எழுந்தார். உன்னிடம் சொல்லச் சொன்ன செய்தி ஏதும் இல்லை. அந்தக் குச்சிகளை எடுத்துப் பார், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மயிரளவு வித்தியாசம் இருக்காது.

கட்டி முடித்ததும் வரும் ஞாயிறு காலை கூப்பிடு. இத்தனை வாரமும் நீ என்னை மட்டுமே கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தாய், அது உன் தப்பில்லை, இங்கே வேறு யார் நிற்கிறார் என்று உனக்குத் தெரியாது. இனி முதல் வார்த்தை எனக்கு வேண்டாம். நிதானமாக, மைக்கை ஒட்டிப் பிடித்து, "அப்பா" என்று தொடங்கு. அந்தச் சொல்லில் மேல் சத்தம் எதுவும் இல்லை. அது அவருக்குக் கேட்கும். அந்த நேரத்தில் நான் கண்ணாடியை விட்டு விலகி நின்றுகொள்கிறேன்.

அம்மா